என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்

போன வருடம், மழை ஒரு நாளும் விடாத ஒரு மாதத்தில், பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குச் சற்று மேலே இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். மலைநாட்டு அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மேசைக்குப் பின்னால் இருந்து ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவன். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எங்கே முத்திரை, யாருடைய ஒப்பம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஓய்வுபெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பதுதான் குறை.

எங்கள் சபைப் போதகருக்குப் பல தோட்டங்களைப் பார்க்கவேண்டியிருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களிடம் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையாரில் ஒருவர் பிரசங்கம் செய்யவேண்டும். அன்று என் முறை. சுவிசேஷத்தில் வரும் விதவையின் கதையை எடுத்துக்கொண்டேன். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நியாயாதிபதி. அவனிடம் நியாயம் கேட்டு ஒரு விதவை திரும்பத் திரும்பப் போகிறாள். கடைசியில் அவளுடைய தொந்தரவு பொறுக்காமல் அவன் நியாயம் செய்து கொடுக்கிறான்.

நியாயாதிபதியை நான் சும்மா விடவில்லை. மேசையில் குவிந்த கோப்புகளும் மத்தியானத் தூக்கமும் ‘நாளைக்கு வா’ என்ற வாயும் அவனுக்குக் கொடுத்தேன். சபை சிரித்தது. ஜெபத்தில் சோர்ந்துபோகக் கூடாது, ஒருதரம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது, கதவு திறக்கும்வரை தட்டவேண்டும் என்று முடித்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக் கேட்டைத் தட்டும் சத்தம். எங்கள் சபையில் மூன்றாவது வாங்கில் உட்காரும் ஒரு பெண், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, தலையில் கட்டிய பொலித்தீன்கூடக் கழற்றாமல் நின்றார். மேல் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவர். கணவர் இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது.

“ஐயா, நேத்து கோயில்ல சொன்னீங்களே, அதாங்க வந்தேன்.”

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிள்ளையோ, மண் சரிந்து பாதை மூடிக் கிடந்த ஒரு நாளில் லயத்துக் காம்பராவிலேயே பிறந்தது. பிறப்பை யாரும் பதியவில்லை. பிறகு கொண்டுவரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். இப்போது, மாதக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களும் போகின்றன, சான்றிதழ் இல்லாவிட்டால் உன் மகளுடையது போகாது என்று அதிபர் சொல்லிவிட்டார்.

காலம் தாழ்த்திய பதிவுக்கு வேண்டிய பத்திரங்கள் ஐந்து. ஐந்தும் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் ஒன்றைத்தான் சொன்னேன். “முதலில் கிராம சேவகரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. மற்றதைப் பிறகு பார்ப்பம்.” ஒரேயடியாகச் சொன்னால் இந்தச் சனங்கள் குழம்பிவிடுவார்கள் என்பது என் முப்பது வருட நம்பிக்கை.

அடுத்த நாளும் வந்தார். “ஜீ.எஸ். மாத்தயா மீட்டிங்குக்குப் போயிட்டாருங்க. நாளைக்குப் போவேன்.” கிராம சேவகர் இல்லை என்று சொல்ல இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறார். அதற்கடுத்த நாளும் வந்தார். கடிதத்தோடு வந்தபோது, தோட்ட அலுவலகக் கடிதம் வேண்டும் என்றேன். அதுவும் வந்தது. ஞானஸ்நானச் சான்று என்றேன். ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அலுமாரியின் சாவி என்னுடைய மேசை லாச்சியில்தான் கிடந்தது. இருந்தும், போதகர் வரும் ஞாயிறு வரை பொறுத்து அவரிடம் கேட்டுப் பெறவேண்டும் என்றேன். அதுதான் முறை.

ஒரு மாலை தட்டும் சத்தம் கேட்டு நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கேட்கேல்லையோ?”

“எவ்வளவு தரமப்பா வாறது? ஒரு அளவு வேண்டாமோ?”

“நீங்கள்தானே கதவு திறக்கும் வரைக்கும் தட்டச் சொன்னனீங்கள். தட்டுறா. போய்த் திறவுங்கோ.”

திறந்தேன். மனைவி கொடுத்த பால் கலக்காத பிளேன்டியை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வழக்கம்போல வாசற்படியில் நின்றார். உட்காரச் சொன்னால் சேலை ஈரம் என்பார். அன்று ஒரு கடைப்பையை நீட்டினார். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்து விஷயத்தை முடித்துவிடலாம் என்று பையை மேசையில் கவிழ்த்தேன்.

கிராம சேவகரின் கடிதம், தோட்டக் கடிதம், ஞானஸ்நானச் சான்று, தடுப்பூசி அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்ட அரைத் தாள் துண்டு ஒன்று. ‘ஆவணங்கள் போதாது. பூரணப்படுத்தி வரவும்.’ கீழே சுருக்கொப்பம். ஒப்பத்தின் கீழ் இரண்டு கோடு.

என் சேவைக்காலம் முழுவதும் ஒப்பத்தின் கீழ் இரண்டு கோடு போட்டவன் நான் ஒருவன்தான். திகதியைப் பார்த்தேன். பிள்ளைக்கு இரண்டு வயது இருந்திருக்கும். எந்த ஆவணங்கள் போதாது என்று அந்தத் துண்டில் இல்லை. அப்படி எழுதும் வழக்கம் எனக்கு இருக்கவில்லை.

“இது நான் எழுதினது” என்றேன்.

“ஆமாங்க ஐயா. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிருந்தீங்க. புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வந்தேன்.”

“முதல் நாளே இதைக் காட்டியிருக்கலாமே?”

“எதுக்குங்க? தப்பு என்னோடதுதானே. ‘பூரணப்படுத்தி வா’ன்னு அன்னைக்கே எழுதிக் குடுத்தீங்க. ஒரு நாப் பேரும் சம்பளமும் போச்சேன்னு நெனைச்சிக்கிட்டு நாந்தான் திரும்ப வராம விட்டுட்டேன். ஒரு தடவ கேட்டுட்டுப் போயிரக் கூடாதுன்னு நீங்க கோயில்ல சொன்னப்பதான் வெளங்குச்சு.”

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிளேன்டிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் பிழையை ஒப்புக்கொண்ட நிம்மதியோடு நின்றார். ஜெபத்தைப் பற்றிய கதை என்று நான் இருபத்தைந்து நிமிடம் விளக்கியதை, அவர் அடுத்த நாளே செய்யவேண்டிய வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். “ஜெபமும் பண்ணிக்கிட்டுத்தாங்க நடந்து வாரேன்” என்று பிறகொரு நாள் சொன்னார். எனக்குத் தெரிந்த எந்த வேத வியாக்கியானமும் அவ்வளவு தூரம் போகவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், நான் முன்பு வேலை பார்த்த பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். அந்த அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை செய்த ஒருவர்தான் இப்போது பொறுப்பில் இருக்கிறார். “சேர், ஏன் அங்க இருக்கிறீங்க? உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். எங்கள் இலக்கம் வரட்டும் என்று சொல்லி, பொதுமக்கள் வாங்கில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை வருடத்தில் அந்த வாங்கில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவரின் நெற்றிக்கு மேல்தான் தெரிகிறது.

பழைய பதிவேடுகளில் தேடிப் பார்த்து, பெயர் இல்லை என்று எழுதித் தரும் ஐந்தாவது பத்திரத்தை அங்கேயே பெற்றோம். அவருடைய வாக்குமூலத்தை எழுதி எடுத்தார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற கடிதத்தை நானே அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சான்றிதழ் வரட்டும் என்று அவர் எல்லா விண்ணப்பங்களையும் பத்து நாள் பிடித்து வைத்தார். சான்றிதழ் வந்தது. மகளின் விண்ணப்பமும் மற்றப் பிள்ளைகளுடையதோடு போனது. அன்று மாலையும் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. நன்றி சொல்ல வந்திருந்தார். பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தேன்.

அந்த அரைத் தாள் துண்டை அவரிடம் கேட்டு வாங்கி, என் வேதாகமத்தில் அந்தக் கதை வரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த நியாயாதிபதிக்குச் சுவிசேஷம் பெயர் கொடுக்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கீழே இரண்டு கோடு போட்ட என் ஒப்பம் இருக்கிறது.