மொட்டைமாடி ஏறாம எழுதுன ரிப்போர்ட்

டெல்லியில யமுனை பொங்கி, ஆத்தோரம் குடிசை போட்டிருந்த சனமெல்லாம் மாடு கன்னோட மயூர் விஹார் ரோட்டுல வந்து உக்காந்துச்சே, அந்த வருஷம் இல்ல. அதுக்கு அடுத்த வருஷம். எப்படி ஞாபகம்னா, ஆறே ரோட்டுக்கு வந்தப்ப எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு ஒழுகல. மறு வருஷம் ஆகஸ்டுலதான் ஒழுகுச்சு, அதுவும் எங்க கட்டிலுக்கு நேர் மேல.

எங்களுது நாலாவது மாடி. அதுக்கு மேல மொட்டைமாடிதான். சொசைட்டி ஃப்ளாட்டு, மகன் லோன் போட்டு வாங்குனது. லிஃப்ட் கிடையாது. நான் பள்ளிக்கூடம் பாக்காதவன். ஒரு ஆபீஸ் கேன்டீன்ல முப்பத்தேழு வருஷம் டீ போட்டேன். ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஃபைலைத் தூக்கிட்டு நடக்குறவனைப் பாத்தா, இவன் வேலை செய்யுறவனா, வேலை செய்யுற மாதிரி நடக்குறவனான்னு சொல்லிருவேன்.

மாடியில எங்க வீட்டம்மா ஒரு நீல டிரம்முல கறிவேப்பிலை வச்சிருக்கா. இந்த ஊரு குளிர்ல கறிவேப்பிலை நிக்காது. மூணு செடி வச்சு மூணும் ஜனவரியில கருகிப் போச்சு. நாலாவதுக்குப் பழைய ரஜாயை, அதான் பஞ்சுப் போர்வை, கிழிச்சு சுத்தி, பிள்ளைக்குப் போத்துற மாதிரி போத்திப் போத்திக் காப்பாத்துனா. இப்ப என் தோள் உசரம் இருக்கு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல ஒரு கொத்து குடுக்குறதுக்கு அந்தக் கடைக்காரன் மூஞ்சியை எப்படி வச்சுக்குவான் தெரியுமா? சரி, அது வேற கதை. எங்க பிளாக்குல பாதி சமையலுக்கு இலை எங்க டிரம்முலேர்ந்துதான் போகுது. செக்ரெட்டரி வீட்டம்மாவும் வந்து பறிச்சுக்குவாங்க.

ஒழுகுதுன்னு செக்ரெட்டரிகிட்ட சொன்னோம். நம்ம தமிழ் ஆளுதான், பெரிய உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. "ப்ரொஃபஷனல் இன்ஸ்பெக்ஷன் வைக்கணும் பெரியவரே. அவங்க வர்ற வரைக்கும் மாடியில எதையும் தொடாதீங்க. எவிடென்ஸ் போயிரும்"னாரு. கொலை நடந்த வீடு மாதிரி!

நான் முட்டி வலியோட மேல ஏறிப் பாத்தேன். எங்க கட்டிலுக்கு மேல வர்ற மூலையில, தண்ணி இறங்குற குழாய் வாய்கிட்ட, குளம் மாதிரி நிக்குது. தொடக் கூடாதுன்னுட்டாரே. வர்றவனுக்குக் காட்டுவோம்னு விட்டுட்டேன்.

அவங்க வர்ற அன்னைக்குத் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, டிரம் பக்கத்துல சேர் போட்டு உக்காந்தேன். ஃப்ளாஸ்க்குல டீ, ரெண்டு கப்பு. வெயிலுக்குக் குடை. பத்து மணிக்கு உக்காந்தவன். பதினோரு மணி வாக்குல வானத்துல குளவி மாதிரி ஒரு சத்தம். ஓ, டிரோனான்னு சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டேன். சத்தம் அந்தப் பக்கம் போச்சு, இந்தப் பக்கம் வந்துச்சு, நின்னுருச்சு. இப்ப ஏறி வருவாங்கன்னு பன்னெண்டரை வரைக்கும் இருந்தேன். ஒருத்தனும் வரல. கேட்டுல நிக்கிற கார்டுதான் அப்புறம் சொன்னான்: "ரெண்டு பேரு தாத்தாஜி, வெள்ளை ஹெல்மெட். லிஃப்ட் இல்லையான்னு கேட்டாங்க. இல்லேன்னதும் பார்க் பெஞ்சுல உக்காந்து பறக்க விட்டுட்டு ஜல்தி ஜல்தின்னு போயிட்டாங்க." பார்க்குல உக்கார எதுக்கு ஹெல்மெட்? மைனா எச்சம் போடும்னா?

அந்த ஞாயித்துக்கிழமை மீட்டிங். ரிப்போர்ட்டு கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருந்துச்சு. செக்ரெட்டரி நின்னுக்கிட்டு இங்கிலீஷ்ல வாசிச்சாரு. எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. மகன் என் காதுல சொன்னான்: "மாடியில செடி வேர் இறங்கி கான்கிரீட் வெடிச்சிருக்காம்ப்பா. செடியை எடுக்கணுமாம்."

செக்ரெட்டரி பேப்பரை மடிச்சாரு. "திங்கக்கிழமை ஆள் வரும். டிரம்மை இறக்கிரலாம்."

எங்க வீட்டம்மா எந்திரிச்சா. "கீழ வெயில் வராதுங்க. இடம் மாத்துனா அது பொழைக்காது."

"என்ன செய்யிறதும்மா? ரிப்போர்ட்ல இருக்கே."

அவ உக்காந்துட்டா. சேலைத் தலைப்பை மடிக்கிறா, பிரிக்கிறா, மடிக்கிறா. செக்ரெட்டரி வீட்டம்மா அன்னைக்குக் காலையில கூட ரசத்துக்குன்னு ரெண்டு கொத்து பறிச்சுட்டுப் போனவங்க, ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"அதை ஒரு தடவை நான் பாக்கலாமா?"ன்னேன்.

"பெரியவரே, அது இங்கிலீஷ்ல இருக்கு."

"படமும் இங்கிலீஷ்லதான் எடுத்தாங்களா?"

நாலு பேரு சிரிச்சாங்க. மகன், "அப்பா, சும்மா இருங்க"ன்னு பல்லைக் கடிச்சான். குடுத்தாங்க. உண்மையைச் சொல்லணும்னா, நான் எங்க வீட்டம்மாவுக்காக வாங்கல. வெள்ளைச் சட்டையில எப்படி விழுந்திருக்கேன்னு பாக்கத்தான் வாங்குனேன். பெரட்டுறேன், பெரட்டுறேன், மாடி மாடியா வருது. நான் இல்ல. குடை இல்ல. சேர் இல்ல. டிரம்மும் இல்ல! செவுத்து ஓரத்துல ஒரு அரசஞ்செடி மட்டும் மொளைச்சு நிக்குது.

"இதுல நான் எங்க இருக்கேன்?"ன்னேன். யாருக்கும் புரியல. "ஓரமா படத்துல மணி போட்டிருக்கான்ல, வாசி."

மகன் வாசிச்சான். "பதினொன்னு பத்து."

"பதினொன்னு பத்துக்கு நான் எங்க இருந்தேன்?"

அவன் மூஞ்சி மாறிப் போச்சு. அவன்தான் அப்ப ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஃபோன் போட்டு, "இன்னுமா மாடியில உக்காந்திருக்கீங்க"ன்னு திட்டுனவன். எந்திரிச்சு சத்தமா சொன்னான்: "சார், இது பக்கத்து பிளாக் மாடி. எங்க மாடி இல்ல."

அத்தனை படிச்சவங்களும் எழுத்தை வாசிச்சாங்க. ஒருத்தராவது படத்தைப் பாக்கணுமே!

செக்ரெட்டரி அந்த இன்ஸ்பெக்ஷன்காரனுக்கு ஸ்பீக்கர்ல ஃபோன் போட்டாரு. அவன் அசரல. "அங்கிள்ஜி, எல்லாம் ஒரே சொசைட்டி, ஒரே டிசைன், ஒரே வயசு. ஒரு மாடியைப் பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரிதான்"னு இந்தியில சொல்றான்.

எனக்கும் இந்தி வரும். "பையா, பக்கத்து வீட்டுக்காரன் வாயைப் பாத்துட்டு என் பல்லைப் புடுங்குவியா?"ன்னு கேட்டேன். கட் பண்ணிட்டான்.

டிரம்மை எடுக்குறது நின்னுச்சு. ஆனா ஒழுகல் நிக்கலையே. மறுநாள் காலையில யாரையும் கேக்காம மாடிக்குப் போயி, சட்டைக் கையை மடிச்சுவிட்டு, எவிடென்ஸுக்குள்ள கையை விட்டேன். குழாய் வாய்க்குள்ள பட்டம். ஆகஸ்ட் பதினஞ்சுக்கு இந்த ஊரே மாடியில நின்னு பட்டம் விடும்ல, அன்னைக்கு அறுந்து விழுந்தது. ரெண்டு முழுசு, அரையும் குறையுமா அஞ்சாறு, அதுங்களைச் சுத்தி மாஞ்சா நூலு ஒரு பந்து. விரல்ல கீறி ரத்தமே வந்துருச்சு. உருவுனதும் கடகடன்னு அவ்வளவு தண்ணியும் இறங்குச்சு. பட்டம் விட்ட அன்னைக்கு எங்க மாடியில "காட்டா, காட்டா"ன்னு, அறுத்துட்டேன்னு இந்தியில கத்துனதுல செக்ரெட்டரி குரல்தான் பெருசு. அதை நான் மீட்டிங்ல சொல்லல. இப்பத்தான் சொல்றேன்.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் விடாம மழை. எங்க வீட்டம்மா பழக்கத்துல கட்டில் மேல ஏனத்தை வச்சா. காஞ்சே கெடந்துச்சு.

அடுத்த வாரம் கேட்டுப் பக்கம் போர்டுல ஒரு நோட்டீஸ். மகனை வாசிக்கச் சொன்னேன். ப்ரொஃபஷனல் இன்ஸ்பெக்ஷனுக்குப் பிறகு ஒழுகல் சரி செய்யப்பட்டதுன்னு போட்டிருக்கு. 'பிறகு'தான், பொய்யின்னு சொல்ல முடியாது. எனக்கு வந்த சிரிப்புல முட்டி வலியே மறந்துருச்சு.

செக்ரெட்டரி வீட்டம்மா மறுபடி இலைக்கு வந்தாங்க. எங்க வீட்டம்மா பறிக்க விட்டா. டிரம்மை விட்டு நகராம, அந்தம்மா விரலையே பாத்துக்கிட்டு நின்னா, அவ்வளவுதான். அவங்களும் ஒரு கொத்தோட நிறுத்திக்கிட்டாங்க.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது கூரைக்கு இன்ஸ்பெக்ஷன் வைக்கப் போறாங்கன்னா, மறக்காம இதைச் சொல்லிருங்க. ரிப்போர்ட்டு வந்ததும் முதல்ல படத்தைப் பாக்கணும், அதுல தன் வீட்டு மாடி இருக்கான்னு. அப்புறம் அவங்களை இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு அத்தனை வீட்டு மாடி ஏற முட்டி ஒத்துக்காது.