‘ஒருவேளை’ என்று முடிந்த படம்

1970ஆம் ஆண்டு ஜூன் 6, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணி. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் ஒரு தியேட்டரின் தகரக் கூரைமேல் மழை அடித்த அடியில், திரையில் ராக்கெட் கிளம்பிய சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் மழை விட்டது. விட்டிருக்க வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விட்ட பிறகுதானே அந்தப் படத்தில் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

அந்த நாளில் இங்கிலீஷ் படத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலீஷ் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பெரியவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். திரையில் ஒருவர் பேசி முடித்ததும் பிள்ளை அதைத் தமிழில் சொல்ல வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் ‘கதை விடுறது’ என்று பெயர். எனக்குப் பதினொரு வயது. வலப்பக்கம் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்த அப்பா. இடப்பக்கம் தேக்காவில் மளிகைக்கடை வைத்திருந்த பெரியப்பா. பின்வரிசையில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் இருவர். ஐந்து டிக்கெட்டும் அப்பா வாங்கியது.

அப்பா அத்தனை பேரைக் கூட்டிவந்ததற்குக் காரணம் இருந்தது. என்னைத் தமிழ்ப் பள்ளியில் போட்டுவிட்டு, பிறகு கடையில் உட்காரவைக்கலாம் என்பது பெரியப்பாவின் எண்ணம். அவர் பேச்சை மீறி அப்பா என்னை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்து ஐந்தாவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனை எதிர்த்து அவர் வாழ்நாளில் செய்த ஒரே காரியம் அதுதான். அது வீண்போகவில்லை என்று அன்று நான் காட்ட வேண்டும்.

அதற்கு வாய்த்த படத்தைப் பாருங்கள். வெளியே ஒட்டியிருந்த சுவரொட்டியில் ராக்கெட் தீப்பிடித்து எரிந்தது, ஒரு பெண் அலறினாள், மூன்று நகமுள்ள ஒரு கை அவளைப் பிடிக்க வந்தது. படத்தில் தீயும் இல்லை, கையும் இல்லை. அந்தப் பெண் ஒருவனுடைய சட்டைப்பையில் புகைப்படமாக இருந்தாள். நான்கு வெள்ளைக்காரர்கள் செவ்வாய்க்குப் போகிறார்கள். வழியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அதன் பிறகு அந்த நான்கு பேரும் அந்த விளக்கைப் பற்றியே பேசுகிறார்கள். ராக்கெட்டை வெளியிலிருந்து காட்டும்போதெல்லாம் அது தேநீர்க் கேத்தல் மாதிரி தொங்கியது. தொங்கிய கயிறும் தெரிந்தது.

“என்னடா சொல்றாங்க?” என்றார் பெரியப்பா.

“அந்த விளக்கு ஏன் எரியுதுன்னு கேக்கறாங்க, பெரியப்பா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

“இன்னும் அதத்தான் பேசறாங்க.”

“இவ்வளவு நேரமாவா? அந்தத் தாடிக்காரன் மட்டும் மூச்சு விடாம பேசுனானே!”

“எரியறது நல்லதில்லன்னு சொன்னாரு.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். “தம்பிக்குத் தெரியலன்னா விடுங்கலா, அண்ணே. சின்னப் பிள்ளதானே.”

“எனக்குத் தெரியுது!” என்று திரும்பிச் சொன்னேன். அப்பா என் தொடையில் கைவைத்து அழுத்தினார்.

கடைசியில் ராக்கெட்டுக்குள் காற்று தீர்ந்துபோகிறது. கேப்டன் சன்னல் பக்கம் போய் நின்று, வெகுநேரம் வெளியே பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொல்கிறார். திரை இருண்டு விளக்குப் போட்டார்கள்.

“என்ன சொன்னான்?”

“ஒருவேளைன்னு சொன்னாரு.”

“ஒருவேளை என்ன?”

“அவ்வளவுதான், பெரியப்பா. படம் முடிஞ்சிருச்சு.”

பெரியப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். வாசலில் எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சொன்னார்: “வெள்ளக்காரன் இவ்வளவு காசக் கொட்டிப் படம் எடுத்துட்டு, ஒண்ணுமே சொல்லாமயா விடுவான்? அவன் சொல்லியிருக்கான். உன் மவனுக்குத்தான் வெளங்கல. அஞ்சு வருஷம்!”

அப்பா என்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் என் அருகில் குனிந்து, “புரியலன்னா புரியலன்னு சொல்லிருய்யா, அப்பா அடிக்க மாட்டேன்” என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

பள்ளியிலிருந்து அவர் என்னை நிறுத்திவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவரை வீட்டுக்கு வந்த இங்கிலீஷ் கடிதங்களையெல்லாம் அவருக்குப் படித்துச் சொன்னவன் நான்தான். அன்றும் கையை நீட்டினேன். “இது முக்கியமான கடுதாசிய்யா” என்று சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேக்காவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேருந்தேறிப் போனார். கடிதம் படித்துச் சொல்ல அவருக்குக் கூலி ஐம்பது காசு. நான் உயர்நிலைப் பள்ளி முடித்து ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேரும்வரை இப்படியே நடந்தது. ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் அதே வீட்டில் உட்கார்ந்து, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம், கிளமெண்டியில் என் மகள் வீட்டில், அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் காசு கட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்தது. நிறம் கூட்டி, கீறல் நீக்கி, ‘காலத்தால் அழியாதது’ என்று வேறு போட்டிருந்தார்கள். கட்டிப் பார்த்தேன். ஒரு வசனம் விடவில்லை. பதினொரு வயதில் நான் சொன்னதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடம். அந்த வரிசைகளும் இல்லை, நடுவில் உட்கார்ந்து கதை விடும் பிள்ளையும் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அழிய வேண்டிய அந்தப் படம் மட்டும் அழியவில்லை.

பாதிப் படத்தில் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமே படித்தவள். முடிந்ததும், “என்னப்பா இது, இவ்வளவு நேரம் பேசிட்டு ஒண்ணுமே சொல்லலையே!” என்றாள்.

“இன்னொரு தடவ சொல்லும்மா” என்றேன். சொன்னாள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

அன்றைய ஐந்து டிக்கெட், எனக்கு அரை டிக்கெட் போக, இரண்டு வெள்ளி இருபத்தைந்து காசு. நான் எண்ணியவரை இருபத்தாறு கடிதங்கள், பதின்மூன்று வெள்ளி. போன மாதம் கட்டியது ஐந்து வெள்ளி தொண்ணூற்றெட்டுக் காசு. அப்பாவுக்கும் எனக்குமாக அந்தப் படத்தால் ஆன செலவு இருபத்தொரு வெள்ளி இருபத்து மூன்று காசு.