பேனாக் கோட்டுக்கு உள்ளே

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைத் தேடியவர்களுக்கு — குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குப் பதற்றம் முழுசாக அடங்கவில்லை.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து எங்கள் சின்னத் தோட்டத்துக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கத்தரி எடுத்து இலை வெட்டுகிறோம். பிளஸ் டூ படிக்கும் தாரணியும் வருவாள். அன்று மழை ஈரத்தில் கத்தரி வழுக்கி, அவளுடைய இடது உள்ளங்கை கிழிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வெட்டுக்காயத்துக்கு முதல் வைத்தியம் என்ன தெரியுமா? டீத்தூள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு கைப்பிடி அள்ளிவந்து வைத்து அழுத்தினார். ஏலத்தில் விலை போகாமல், நாங்கள் போட்ட இலைக்குப் பணத்துக்குப் பதிலாக ஃபேக்டரிக்காரர்கள் எங்கள் தலையிலேயே கட்டிய தூள்.

"ஒருத்தனும் சீண்டல. இதுக்காவது ஆகட்டும்," என்றார். ரத்தம் நின்றது. நான் துணி கிழித்துக் கட்டினேன்... பி.காம். படித்தவள்தான்.

செவ்வாய்க்கிழமை கை பன் மாதிரி வீங்கியது. நல்ல காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் காயத்தைத் திறந்து கழுவினார். மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்த சிவப்பின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"ஏனுங்க டாக்டர், கோடு எதுக்குங்க?" என்றேன்.

"மருந்து ஏத்தறோங்க. சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா கோயமுத்தூருக்குத்தான் போகோணும். ஆபரேஷன் வேண்டி வரும். அப்புறம் விரல் முன்ன மாதிரி மடங்குமான்னு சொல்ல முடியாதுங்க."

அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் அந்தக் கோடு ஒன்றுதான்.

பஞ்சில் இருந்த சீழைப் பார்த்து முகம் சுளித்தேன். காய்ச்சலோடு தாரணி சிரித்தாள்.

"அதை அப்படிப் பார்க்காதம்மா. எனக்காக கிருமியத் தின்னு தின்னு செத்துப்போன வெள்ளை ரத்தச் செல்லுங்க அது."

"திங்கறதுக்கு வாயா இருக்கு அதுக்கு?"

"வாய் இல்ல. கிருமி மேல பட்டதும் தன் உடம்பையே நீட்டிச் சுத்திக்கும். அந்தத் தோலோடவே ஒரு பை மாதிரி கிள்ளி உள்ள எடுத்துக்கும். உள்ளயே கரைச்சிரும். செல்லுங்க தண்ணி குடிக்கறதும் அப்படித்தான்... குட்டிக் குட்டிப் பையா."

"இதையெல்லாம் பரீட்சையில எழுது கண்ணு," என்றார் அவள் அப்பா.

"எழுதற கை வலதுங்கப்பா. லீவுகூடக் கேக்க முடியாது."

அவர்கள் சிரித்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சந்தையில் வாங்கியதை முந்தானையில் வைத்து முடிந்துகொள்வோமே, அந்த மாதிரி. ஆனால் இங்கே முந்தானையும் உடம்புதான். முடிச்சுதான் வயிறு. அந்தச் செல்லுக்குக் கண் கிடையாது, மூளை கிடையாது. ஆனாலும் ரத்தக் குழாயின் சுவரை நெருக்கிக்கொண்டு வெளியே வந்து, காயம் இருக்கும் இடத்தைத் தேடி ஊர்ந்து போகிறது. யார் சொல்லி? நான் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், கோட்டுக்கு உள்ளே வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. பெற்றவள் நான். அந்தக் கைக்குள் என்னால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியவில்லை.

மறுநாள் மதியம் பார்த்தேன். சிவப்பு, கோட்டுக்கு ஒரு விரல் அகலம் உள்ளே இறங்கியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

"மருந்தும் வேலை செஞ்சுது, அவ செல்லுங்களும் விடல," என்றார் டாக்டர். என் வீட்டுக்காரரிடம் மட்டும் குரல் மாறியது. "இனிமே காயத்துக்குத் தண்ணியும் சோப்பும் போதுங்க. தூளை டம்ளரோட நிறுத்திக்குங்க."

நேற்று கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் எல்லாம் மடங்குகின்றன. தழும்பின் ஓரத்தில் மட்டும் தோலுக்கு அடியில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள்.

"கழுவும்போது தப்பிச்ச தூளுங்க," என்றார் டாக்டர். "அதைச் செல்லால கரைக்க முடியாது. ஆனா வெளிய அலைய விடாம பிடிச்சு வச்சுக்கும். தொந்தரவு பண்ணாத வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் மகளின் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வருசம் நம்ம தூளை எடுத்துக்கிட்டுத் திருப்பி அனுப்பாதது இந்தக் கை ஒண்ணுதான், கண்ணு."