டைகரின் பனியன்

டைகரைப் பொமரேனியன் என்று சொல்லித்தான் மாமா வாங்கிக்கொண்டு வந்தார். அது வளர வளர அந்தப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. காது ஒன்று நின்றது, ஒன்று மடங்கியது. வால் எந்தச் சாதியிலும் சேராமல் சுருண்டுகொண்டது. பெயர் மட்டும் டைகர். பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடும். எனக்கு அதன்மேல் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு அன்றைய கதை முழுவதும் சொல்லி முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அப்போது நாங்கள் வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். சாயங்காலம் டைகரை வெளியே கூட்டிப்போக ஒரு காலி இடம்தான் இருந்தது. அதற்குப் போக வேண்டுமானால் பனியன் கம்பெனி கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டுக்கு முன்னால் நான்கு தெருநாய்கள். கம்பெனி ஆட்கள் டீ நேரத்தில் போடும் வர்க்கியையும் பன்னையும் தின்று கொழுத்தவை. கம்பெனியே தங்களுடையது என்ற நினைப்பு அவற்றுக்கு. ஒருநாள் டைகரைச் சூழ்ந்துகொண்டு பின்தொடையைக் கவ்விவிட்டன. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடித் தையல் போட்டோம்.

அம்மா அந்தக் கம்பெனியில்தான் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாயில்லாத ஜீவன் வலியில் முனகுவதை இரவெல்லாம் கேட்டுவிட்டு, காலையில் ஒரே முடிவாகச் சொன்னாள்.

“இன்னொருக்கா கடி வாங்குச்சுன்னா இத மூலனூருக்கு அனுப்பிப்போடலாம். பெரியப்பா தோட்டத்துல முருங்கைக்குக் காவலா இருக்கட்டும்.”

டைகர் காவல் காக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அதை வெளியே கூட்டிப்போகவே பயந்தேன்.

மாமா அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எதற்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். “கம்பெனி ஆளுங்க நூறு பேரு வர்றாங்க, போறாங்க. ஒருத்தரையாச்சும் அந்த நாயிக கடிச்சிருக்குதா? எல்லாம் வாசம் கண்ணு. துணி வாசம், மிசின் எண்ண வாசம். டைகர் மேல அது இல்ல, அதான் வேத்தாளுன்னு கடிக்குது” என்றார்.

சொன்னதோடு விடவில்லை. கட்டிங் வேஸ்டில் பச்சைத் துணி பொறுக்கி, கழுத்துக்குச் சிவப்பு ரிப் பட்டி வைத்து, நான்கு கால்களுக்கும் கை வைத்த ஒரு பனியனைத் தைத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் ‘ஸ்மால்’ என்று சைஸ் லேபிள் கூட இருந்தது. வாசம் ஏறட்டும் என்று ஒரு வாரம் அதை வேஸ்ட் மூட்டைக்குள் போட்டு வைத்திருந்தாராம். ஒரே ஒரு நிபந்தனை: அதைத் துவைக்கக் கூடாது.

முதல்நாள் பனியனோடு கிளம்பியபோது டைகரின் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மாமா கையில் ஒரு குச்சியோடு முன்னால் நடந்தார். கேட்டுக்கு முன்னால் ஒரு நாயும் இல்லை. கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில், உள்ளே தள்ளி, நான்கும் எங்களுக்கு முதுகைக் காட்டித் தலையைக் குனிந்து நின்றன. ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டது.

“பாத்தியா சாமி, வாசம் பட்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு” என்றார் மாமா.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மாமாவின் புகழ் லைன் வீடு முழுக்கப் பரவியது. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பூனைக்கு ஒன்று கேட்டார்கள். அம்மா மட்டும் அதில் எதிலும் சேராமல், டப்பா நிறையச் சோறு அடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். அவளுக்கு நாய் என்றாலே ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குக் கம்பெனி பூட்டினார்கள். தெற்கத்தி ஆட்களும் வடக்கத்தி ஆட்களும் ஊருக்குப் போய்விட, டீக்கடை கூட இல்லாமல் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பண்டிகைக்கு வீட்டிலிருந்த துணியையெல்லாம் அலசிய அம்மா, டைகரின் பனியனையும் சேர்த்து அலசிக் காயப்போட்டுவிட்டாள். மறுநாள் சாயங்காலம் டைகருக்கு அதைப் போட்டுவிட்டுத்தான் கூட்டிப்போனோம். கேட்டருகே நான்கும் நின்றிருந்தன, எங்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு. மாமா சுதாரித்து டைகரைத் தோளுக்குத் தூக்குவதற்குள் அதன் காது கிழிந்துவிட்டது. மாமாவின் பேண்ட்டும் முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது.

“அக்கா தொவச்சுப்போட்டா, வாசம் போயிருச்சு” என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கத்தினேன். “ஏம்மா தொவச்சே? மாமா சொன்னாருல்ல? இத மூலனூருக்கு அனுப்போணும்னுதான தொவச்சே?” அழுகையில் வேறு என்னவெல்லாம் சொன்னேனோ தெரியாது.

அம்மா டைகரை மடியில் போட்டுக் காதைத் துடைத்து மஞ்சள் வைத்தாள்.

“தொவச்சது என்ர தப்புதான் கண்ணு. இனித் தொவைக்கமாட்டேன். இதெங்கயும் போகாது, அழுகாத.”

நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். மறுநாள் மாமா பனியன் முழுக்கத் தையல் மிசின் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் ஒரு பெரிய டப்பா நிறையச் சோற்றையும் கறிக்குழம்பையும் பிசைந்து அடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“கம்பெனி வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். நீங்க செத்த நேரங்கழிச்சு வாங்க” என்றாள் மாமாவிடம்.

நாங்கள் போனபோது கேட்டருகே எதுவும் இல்லை. சந்துக்குள் நான்கும் முதுகைக் காட்டித் தலை குனிந்து நின்றன. எண்ணெய் வேலை செய்கிறது என்றார் மாமா. எனக்கும் அப்படியே பட்டது. பூட்டிக் கிடக்கும் கம்பெனிக்கு யாருக்குச் சோறு போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். பனியனைத் துவைத்தவளோடு அன்று முழுவதும் நான் பேசவே இல்லை.