மனபூரியா, தே அனாவா

என் அண்ணன் லெஸ்டருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வராது. எங்கள் தீவின் தென்கோடி ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான். தேநீரா, காபியா என்று கேட்டால், "எது சுலபமோ அது" என்பார்கள். இதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணி நோலீன் அதில் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழித்தார்கள்.

விண்டன் ஊரிலிருந்து தினமும் இறைச்சி ஆலைக்குப் போய் ஆடு உரித்தவன் அவன். வேலை முடிந்து வந்தால் பூட்ஸைக் கழற்றும்போதே தூங்கிவிடுவான். எங்கள் கோடையில் வரும் கிறிஸ்துமஸுக்கு ஆலை மூடும் சில நாட்களில்தான் வேறு ஆள். காரின் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு மனபூரி ஏரிக்கரைக்குப் போவார்கள். ஏரியைப் பார்த்த மேட்டில், மரத்தடியில் அவர்களுக்கென்று ஓர் இடம். ஊர் திரும்பும்போது அந்த முகாமை நடத்தும் ஐலாவிடம், "அடுத்த வருஷமும் அங்கேயே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வருஷம் வராமல் போனால் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்கு அது போய்விடும். அப்புறம் திருப்பிக் கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த இடங்களெல்லாம் அங்கே உண்டு.

போன வசந்தத்தில் டாக்டர், அவன் நுரையீரல் அடுத்த குளிர்காலத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம். ராத்திரியெல்லாம் அவன் மூச்சைக் கேட்டபடி நோலீன் விழித்துக் கிடப்பாள். மனபூரியில் மருத்துவமனை கிடையாது. இருபது நிமிடப் பயணத்தில் தே அனாவ் இருக்கிறது. அதுவும் ஏரிக்கரைதான். அங்கே மருத்துவர் உண்டு, விடுதிகள் உண்டு, பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக்காரர்களும் உண்டு. லெஸ்டருக்கு அது ரொட்டியும் பெட்ரோலும் வாங்கப் போகிற ஊர், அவ்வளவுதான்.

நவம்பரில் ஐலா போன் செய்தாள். வருகிறீர்களா இல்லையா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நான் சீஸ் ரோல் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"எங்கதான் போறதா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அவளுக்கு எங்க சௌகரியமோ அங்க," என்றான்.

"எனக்கென்ன, லெஸ்ஸுக்குப் பிடிச்சா சரி," என்றாள் நோலீன், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"காலைலேருந்து இதேதானா?"

"ஒரு வாரமா," என்றான் லெஸ்டர். "நடுவுல சாப்பிட மட்டும் விட்டா."

"மனபூரின்னா கேரவன்ல அந்த மெஷினுக்குக் கரண்ட் எங்க?"

"பக்கத்து வீட்டு ஆல்வின்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு, தரேன்னான்."

"ஆல்வின் ஜெனரேட்டரா? போன வருஷம் ஸ்டார்ட் ஆகாத அத உதைச்சு உதைச்சு அவன் கால்தான் வீங்குச்சு," என்றாள் நோலீன்.

அவன் சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. அது அடங்குவதற்குள் நாங்கள் மூன்று பேரும் களைத்துவிட்டோம். நோலீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் முதுகில் வைத்தபடி நின்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"அங்க ராத்திரியில உனக்கு மூச்சு திணறுனா நான் என்ன பண்ணுவேன் லெஸ்? இருட்டுல அந்த ரோட்டுல ஓட்டணும். எனக்கு பயமா இருக்கு."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவள் பக்கம் திரும்பினான்.

"இத போன வாரமே சொல்லியிருக்கலாமே."

"நீ மனபூரிக்கு ஆசப்படறேன்னு தெரியும்."

"ஆசதான்," என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எனக்கு விசித்திரமாக இருந்தது. "போன எடு."

நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தான். ஐலாவிடம் வானிலையைக் கேட்டான், மணல் ஈ இந்த வருஷம் எப்படி என்று கேட்டான். கடைசியில், "எங்க இடத்த, வரிசையில காத்திருக்கிற ஆல்வின் மகளுக்குக் கொடுத்துடு. குழந்தைங்க இருக்கு, மேட்டுல விளையாடட்டும்," என்றான். ஐலா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்ல, ஒரு வருஷத்துக்கு இல்ல. கொடுத்துடு," என்று சொல்லிப் போனை வைத்தான்.

நோலீன் சீஸ் ரோலை அடுப்பில் சூடாக்கப் போனாள்.

ஜனவரியில் தே அனாவில் ஒரு விடுதியில் அறை எடுத்தார்கள். எதிரே சாலை, அதற்கப்பால் ஏரி. பஸ்கள் நின்று நின்று போயின. நான் இரண்டாம் நாள் காலை போனபோது லெஸ்டர் ஜன்னலோரம் கம்பளியோடு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கார்லயே மனபூரி வரைக்கும் போய்ட்டு வரலாமா? ஏரிய பாத்துட்டு வந்துடலாம்," என்றேன்.

"வேணாம். இப்ப அது அவங்க இடம். போய் எட்டிப் பாக்கக் கூடாது."

"இங்க எப்படி இருக்கு உனக்கு?"

எது கிடைத்தாலும் சரி என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் உள்ளறைக் கதவைப் பார்த்தான். அது ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

"மெல்ல பேசு," என்றான். "ராத்திரி படுத்தவ, இன்னும் எழுந்திருக்கல."