ஒரு கிரவுண்டு கடல்

என் கணவர் கொஞ்ச காலம் கடவுளாக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆபீசில் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகை போர்ஷனுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கூடவே ஒரு பிளாப்பியில் அந்த விளையாட்டும் வந்தது.

விளையாடுகிறவர்தான் அதில் கடவுள். திரையில் எறும்பளவு ஜனங்கள் அலைவார்கள். மவுசை அமுக்கினால் பள்ளம் மேடாகும். சமமான தரை கிடைத்ததும் அந்த ஜனங்கள் குடிசை போடுவார்கள். தரை பெரிதாகப் பெரிதாகக் குடிசை வீடாகும், வீடு கோட்டையாகும். இவர் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர்களுக்குத் தரை சமன் செய்துகொண்டிருப்பார்.

எங்களுக்கும் ஒரு மனை இருந்தது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு கிரவுண்டு, நல்ல பள்ளம். லாரியில் சவுடு மண் கொட்டி மேடாக்கினால்தான் அஸ்திவாரமே போட முடியும். மழைக்கு முன்னால் மண் அடித்துவிடலாம் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மழை மட்டும் தவறாமல் வந்தது. பக்கத்து மனைக்காரர் மண் அடித்துவிட்டார். அவருடைய தண்ணீரும் சேர்ந்து எங்கள் மனையில் இறங்கி, எல்லைக்கல் முழுகிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றோம். பக்கத்து மனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த மேஸ்திரி, "இன்னா சார், வூடு கட்டப் போறியா, வாத்து வளக்கப் போறியா?" என்றார். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே ஜன்னல் வைக்கும் உயரத்துக்குச் சுவர் வந்துவிட்டது. நாங்கள் இருந்த போர்ஷனிலோ காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும் ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும்.

திரும்பி வந்ததும் இவர் மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து மனைக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அதில் ஒரு நியாயமாவது உண்டு. நான் பொறாமைப்பட்டது அந்தப் புள்ளிகளைப் பார்த்து. பேரில்லை, முகமில்லை, வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அதுகளுக்குக் கோட்டை. வருஷக்கணக்காகக் கேட்கிற எனக்குக் குளம்.

விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பால் வாங்கப் போனார். பார்த்துப் பார்த்து எனக்கும் பழகியிருந்தது. மேடாக்க ஒரு பட்டன், பள்ளமாக்க இன்னொன்று. அவருடைய பெரிய கோட்டைக்குக் கீழே தரையை இறக்கினேன். கோட்டை வீடானது, வீடு குடிசையானது, குடிசை இருந்த இடத்தில் தண்ணீர் வந்தது. மனசு குளிரும்வரை இறக்கினேன்.

பால் பாக்கெட்டோடு வந்தவர் திரையெல்லாம் கடலாக இருப்பதைப் பார்த்தார். "என்ன ஆச்சு இங்கே?"

"மழை பெஞ்சுடுச்சு. அவங்களும் நம்மள மாதிரி வாடகைக்கு வீடு பாக்கட்டும்."

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். லாரிக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் வற்றியதும் லாரிகள் வந்தன. பக்கத்து மனையைவிட அரை அடி உயரமாகக் கொட்டச் சொன்னேன். அடுத்த மழையில் எங்கள் தண்ணீரெல்லாம் பின்பக்கத்து மனைக்கு இறங்கியது. அந்த மனைக்காரரின் மனைவி குடையைப் பிடித்தபடி, பாதி எழும்பிய என் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பாவம் என்று தோன்றவில்லை, சுகமாக இருந்தது.