மூடியில் பல் தடம்

கீக், கீக், கீக். அடுப்படியில் மைக்ரோவேவ் மூன்று முறை கத்தி ஓய்கிறது. சோறு சூடாகிவிட்டது. நான் எழும்பவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் என் கைகள் இரண்டும் தாமாகவே தொடைகளுக்குக் கீழே போய்விடுகின்றன, இத்தனை வருடமாகியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுப் பாவனைச் சாமான்கள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் புரொடக்ட் மனேஜர் வேலை பழகிக்கொண்டிருந்தேன். புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. பொருளைத் தூக்கிக்கொண்டு போ, பாவிக்கிறவர் வீட்டில் இரு, பார், எழுது. அவ்வளவுதான் படிப்பு. பழக்கியவள் என்னைவிட இரண்டு வயது இளைய வெள்ளைக்காரி. அவளிடம் ஒரே விதி: உதவி செய்யாதே, வாய் திறக்காதே, கை துடித்தால் அதன் மேல் ஏறி இருந்துகொள். அவர்களாக முடியாது என்று சொன்னால் மட்டும் எழும்பு. பிழை எப்போதும் பொருளில்தான், மனிதரில் இல்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் பொருள் ஒரு குளிசைப் பெட்டி, மாத்திரைகளைப் போட்டுவைக்க. நாளுக்கு ஒன்றாக ஏழு அறை, ஏழு மூடி. நேரம் வந்தால் மூன்று முறை கத்தும். குழந்தைகள் திறந்துவிடாதபடி மூடியில் ஒரு கொளுவி, அமுக்கிக்கொண்டே தள்ளவேண்டும்.

பிளேஸ்டோ என்ற இடத்தில் ஒரு தமிழ் மாஸ்டரிடம் பெட்டியைக் கொடுத்தேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றவர். பாரிசவாதம் வந்து வலது கை சோர்ந்துபோய், ஒற்றை அறையில் தனியே இருந்தார். இல்ஃபோர்ட்டில் இருந்த அவருடைய தம்பி தன்னோடு வரச்சொல்லி நின்றார். மாஸ்டருக்கு மனமில்லை. குளிசையைத் தானே நேரத்துக்கு எடுக்க முடிந்தால் இங்கேயே இருக்கலாம், முடியாவிட்டால் இல்ஃபோர்ட். அண்ணனும் தம்பியும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

பெட்டியை ஒரு வாரம் விட்டுவைத்து, எட்டாம் நாள் பார்க்கப் போனேன். கலியாண வீட்டுக்குப் போகிறவர்போல் உடுத்தியிருந்தார்.

"வாரும் பிள்ளை. முதல்ல தேத்தண்ணி, பிறகுதான் சோதினை."

"சோதினை உங்களுக்கில்லை மாஸ்டர், பெட்டிக்கு."

"ஓமோம். பெட்டி பெயிலானால் ஆருக்கு வெக்கம்? கொண்டந்த உமக்கெல்லோ!"

பெட்டி கத்தியது. அவர் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். வழுக்கியது. மறுபடி அமுக்கினார். "கெட்டிக்காரப் பெட்டி. கள்ளனுக்கும் திறக்க ஏலாது" என்று பகிடி விட்டார். நெற்றியில் வேர்வை. மறுபடி. மறுபடி. என் விரல்கள் தொடைக்குக் கீழே மரத்துக் கிடந்தன, எழும்பினால் ஒரு கண வேலை, ஒரு விரல் வேலை. தன்னால் ஏலாது என்று அவர் ஒரு சொல் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். விருந்தாளிக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? வெளியே மழையா என்று பார்ப்பவர்போலப் பெட்டியோடு யன்னல் பக்கம் திரும்பினார். மறுபடி என் பக்கம் திரும்பியபோது மூடி திறந்திருந்தது.

"பாத்தீரே!"

அவர் கோப்பை கழுவப் போன நேரத்தில் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஏழு மூடியிலும் பல் தடம். திங்கள் முதல் ஞாயிறு வரை. நான் வரும் நாளுக்காக ஒரு கிழமை முழுக்கப் பல்லால் திறக்கப் படித்திருக்கிறார்.

நகம் தீட்டும் அரத்தால் அந்தக் கொளுவியைத் தேய்த்துவிடட்டுமா என்று வெள்ளைக்காரியைக் கேட்டேன். மாதிரியைத் தொட்டால் சோதனையே கெட்டுவிடும் என்றாள். எழுதிக்கொடுத்தேன். வாசித்தாள், இரண்டு முறை வாசித்தாள், பல் தடத்தைக் கண்டதற்காக என் தோளைத் தட்டினாள். அறிக்கையோடு மேல்மாடிக்கு முதலாளிகளிடம் போய், முகம் விழுந்து இறங்கி வந்தாள். மூடி வார்க்கும் அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதாம். அடுத்த முறை பார்க்கலாமாம். அந்த அறிக்கையால் எனக்கு வேலை நிரந்தரமானது. கொளுவி அப்படியே கடைக்குப் போனது.

மாதிரிப் பெட்டியைத் திருப்பி எடுக்கப் போன நாளில் வாசலில் கார் நின்றது. பின் இருக்கையில் மாஸ்டரின் சூட்கேஸ், சுருட்டிய மெத்தை. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு முன்னால் கடித்துத் திறக்கப்போய்க் குளிசையெல்லாம் கம்பளத்தில் கொட்டிவிட்டதாம். பெட்டியைக் கடதாசியில் சுற்றி, இடது கையால் நீட்டினார்.

"என்ன எழுதினனீர், பிள்ளை?"

"மூடி பிழையெண்டு எழுதினன், மாஸ்டர்."

"அண்ணை, ஏறுங்கோ" என்றார் தம்பி.

ஒரு காலைக் காருக்குள் வைத்தவர் அப்படியே நின்றார். முகத்தில் உண்மையான கவலை, எனக்காக.

"சீ, பெட்டி நல்ல சாமான். என்ரை கைதான் பிழை. மாத்தி எழுதிவிடும்."